தொட்டிலுக்குப் போன மிக்சர் பறவைகள்

காலை 7.40. புக்கிட் செந்தோசாவிலிருந்து மணி அண்ணனின் வாடகைக் காரில் கிளம்பினோம். கோல சிலாங்கூருக்கு அப்பால் ஒரு தோட்டக் குடியிருப்பில் தேவியின் குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்கள். பக்கத்தில் என் தங்கை செல்வி, அவள் மடியில் காலியான மிக்சர் உறைகள். எனக்கோ பள்ளிச் சுற்றுலா போகிற குஷி.

செல்வியும் தேவியும் ரவாங் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தேநீர் இடைவேளையில் தின்பண்ட உறைகளைப் பறவையாக மடிப்பதுதான் அவர்கள் விளையாட்டு. வேலையை விடப்போவதைத் தேவி சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கோபத்தில் செல்வி எட்டு மாதமாகப் பேசவில்லை. இன்று தொட்டிலுக்கு மேல் கட்ட இருபது பறவைகளோடு போய்ச் சமாதானமாக வேண்டும்.

"வாங்கிக்குவாளாக்கா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள்.

8.30. பத்தாங் பெர்ஜுந்தாயில் இரண்டு வெள்ளி கொடுத்து இன்னொரு மிக்சர் பொட்டலம் வாங்கினோம். நான் தின்றேன், அவள் மடித்தாள். இந்த உறை காகிதம் மாதிரி அடங்காது, மடித்த கையோடு விரிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு மடிப்பையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து வந்தாள். கார் பள்ளத்தில் குதித்தபோதெல்லாம், "நல்லா அழுந்தட்டும்!" என்று சிரித்தாள்.

9.20. இருபதும் தயார். நேரம் இருந்ததால், குரங்குகள் நிறைந்த மெலாவத்தி குன்றில் ஏறினோம். கேட்பானேன்! ஒரு குரங்கு பறவைகளைப் பையோடு பிடுங்கிக்கொண்டு மரமேறியது. ஒவ்வொரு பறவையையும் பொறுமையாகப் பிரித்து, நக்கி, கீழே போட்டது.

"உறைய கழுவுனியா இல்லியா?" என்றார் மணி அண்ணன்.

"தொடச்சேன்ணே."

"தொடச்சா மிக்சர் வாசம் போவாதுலா!"

செல்வியின் கையில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது.

10.15. வாசலுக்கே வந்தாள் தேவி. செல்வி அந்த ஒற்றைப் பறவையை நீட்டினாள். தேவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒனக்கு மூக்கு மடிக்க வரலியாடி?"

"நீதானே மூக்கு மடிப்ப. நீ போயிட்டியே."

"சொன்னா நீ அழுவேன்னுதான்டி சொல்லல," என்று சொல்லிவிட்டுத் தேவியே அழுதாள். அழுதபடியே பறவையின் நுனியை நகத்தால் கிள்ளி மூக்கை மடித்தாள்.

மாலை 4.00. திரும்பும்போது காரில் செல்வி இல்லை. மீதிப் பத்தொன்பதையும் மடித்து முடித்துவிட்டுத்தான் வருவாளாம்.