நாலு காலும் தரையில்

போன ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிய என் மேல் மாடிவீட்டு நாய்க்குட்டி தாவிவிட்டது. முந்தின நாள் போடியில் நல்ல மழை. சேலையில் இடுப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு செம்மண் பாதங்கள், அச்சு வைத்ததுபோல. மாடிவீட்டுப் பெண் பள்ளிக்கூட டீச்சர். பதறிப்போய் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள். தேனியிலிருந்து ஒருவர் வாராவாரம் வந்து பழக்குகிறாராம், இன்னும் ஒரு மாதத்தில் யார் மேலும் தாவாதாம்.

"பரவாயில்ல விடும்மா. கொஞ்ச நாளைக்குத் தாவட்டுமே" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சேலை விஷயத்தில் நான் எப்படிப்பட்டவள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

கோயிலுக்குப் போகவில்லை. சேலையை மாற்ற உள்ளே வந்தவள், அந்த மண் தடத்தை முகர்ந்து பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். ஈர நாயின் வாடை எனக்குத் தனியாக வராது. கூடவே ஏலக்காய் வாட்டும் ஸ்டோரின் விறகுப் புகையையும் இழுத்துக்கொண்டுதான் வரும். போடியைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு ஏலக்காய் வாசனை ஒன்றும் பெரிதில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் மூச்சை இழுத்துவிட்டு ஆகா என்பார்கள். அப்படி ஒரு வாசனை இருப்பதே அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் அது காய்ந்த காயின் வாசனை. மலையில் பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் விறகைப் போட்டு வாட்டும்போது வருகிற வாசனை வேறு. பச்சிலையும் புகையும் கலந்து தொண்டையில் லேசாகக் காரும். அதற்குள் மழையில் நனைந்த நாய் ஒன்று புகுந்து உடம்பை உதறினால் எப்படி இருக்குமோ, அதுதான் என் கல்யாணத்தின் முதல் வருஷம்.

அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். நான் சிலமலையில் வெங்காயம் போடுகிறவரின் மகள். வீட்டில் வேலைக்காரர்களை அதட்டி வளர்ந்தவள், மழை என்றால் ஐப்பசியில் பெய்வது என்று நினைத்திருந்தவள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஜீப்பில் மேலே ஏறினோம். குவாட்டர்ஸ் முன்னால் ஜீப் நின்றது. நான் வலது காலை எடுத்துக் கீழே வைத்தேன். தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பாதை அங்கே ஒரு வளைவாகத் திரும்பும். அந்த வளைவிலிருந்து செவலை நிறத்தில் ஒன்று உருண்டு வந்தது, எழுந்தது, என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்தது. எங்கள் அம்மா மதுரையில் அரைநாள் நின்று பொறுக்கி எடுத்த கிளிப்பச்சைப் பட்டு.

நான் அழுதேன். அவர் சிரித்தார். மூன்று நாளில் அவருடைய பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

நாயின் பெயர் பிரேக்கு. குட்டியாக மலைப்பாதையில் குறுக்கே நின்றதாம். ஜீப்பு டிரைவர் பிரேக்கைப் போட்டு நிறுத்தியதும் இவர் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். டிரைவர் வைத்த பெயர். தோட்டத்தில் இருந்த மலையாளிகள் அதை வெறுமனே பட்டி, அதாவது நாய், என்றார்கள். வந்த புதிதில் ஒருவர் "பட்டி வருந்நுண்டு" என்று எச்சரித்தார். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் பட்டிதானே, எந்தப் பட்டியிலிருந்து யார் வருகிறார்கள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது முதுகில் ஏறிவிட்டது.

அவர் அதிகம் பேசாதவர். காலையில் போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இறங்குவார். மூன்றரைக்கே பிரேக்கு வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் தலை தெரிந்ததும் ஒரே ஓட்டம், ஒரே தாவல். அவர் அதன் முன்னங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். நின்றபடி அதனிடம் பேசுவார். எந்தப் பாத்தியில் பன்றி கிண்டியது, யாருக்கு அட்டை கடித்து ரத்தம் நிற்கவில்லை, முதலாளி என்ன சொன்னார், எல்லாம். நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியவந்த வழி அது ஒன்றுதான். வீட்டுக்குள் வந்தால் சாப்பாடு, ரேடியோ, தூக்கம். எனக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் சண்டைக்குப் போயிருப்பேன். சேலை அழுக்காகிறது என்பதுதான் என் புகார். காயவைக்க வெயில் இல்லாத ஊரில் அது நியாயமான புகாராகவும் இருந்தது.

காய் எடுக்க தினமும் ஜீப்பில் வந்து போகும் பெண்களில் பேச்சியக்கா எங்கள் ஊர்க்காரி. என் அப்பாவைத் தெரியும் என்கிற உரிமையில் என்னை ஆத்தா என்று கூப்பிடும். அதனிடம் யோசனை கேட்டேன். விளக்குமாற்றால் நாலு போடு, கேட்கவில்லை என்றால் கழுத்தில் கட்டையைக் கட்டித் தொங்கவிடு என்றது. விளக்குமாற்றை எடுத்தேன். பிரேக்கு அதை விளையாட்டு என்று நினைத்து மறுமுனையைக் கவ்விக்கொண்டது. இழுத்ததில் நான்தான் விழுந்தேன். கட்டை கட்ட மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தவர், காய் எடுப்பு மும்முரம், ஆள் நகர முடியாது என்று கடைசி நாளில் கையை விரித்துவிட்டார். நாலு நாள் நான் பேசவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். பிரேக்கு என் மேல் பாய வந்தது. நான் இருந்த கோபத்தில் திட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தால் அவர் கால் கழுவப் போய்விட்டார். நாய் மட்டும் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் முகம் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. என் கோபம் உறைக்க வேண்டியவருக்கு உறைக்கவில்லை, அதற்கு உறைத்தது.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. மறுநாள் முதல் அது தாவினால் திரும்பிக்கொள்வேன். நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் தலையைத் தடவி ஒரு துண்டு கருவாடு. ஒரு வாரத்தில் பாதி படிந்தது. மீதி படியாததற்கு அவர்தான் காரணம். நான் காலையிலிருந்து பழக்குவதை அவர் வளைவில் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிடுவார். நீங்களும் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றேன். அழுக்குச் சட்டையில் தாவினால் என்ன போகிறது என்று கேட்டார்.

"ஒருத்தர் மேல தாவலாம், ஒருத்தர் மேல தாவக்கூடாதுன்னா அதுக்கு எப்படிங்க தெரியும்?"

கேள்வி சரியானதுதான். தேனியிலிருந்து வருகிறவரும் மாடிவீட்டில் இதையேதான் சொல்கிறார், எனக்குக் காது கேட்கிறது. அன்றைக்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

அதன்பிறகு நாலு மணிக்கு ஜன்னலில் நான் பார்த்தது அவருடைய முதுகு. நூல் மழையில் தொப்பியோடு ஏலச்செடிகளைப் பார்த்து நிற்பார். பின்னால் பிரேக்கு எம்பி எம்பி அவர் முதுகைப் பிராண்டும், முனகும், சுற்றி வந்து முகத்தைத் தேடும். அவர் மறுபக்கம் திரும்புவார். வகுப்பில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பதினெட்டாம் நாளோ என்னவோ, அது ஓடி வந்தது, அவர் காலடியில் தானாக உட்கார்ந்தது. நான் ஜன்னலிலேயே கைதட்டிச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியே ஓடிப்போய் முழுக் கருவாட்டையும் போட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

தோட்டத்தில் எனக்குப் பெயர் கிடைத்தது. முதலாளியின் மனைவி வந்தபோது பிரேக்கு மரியாதையாக உட்கார்ந்ததைப் பார்த்து மெச்சினார். வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் கோழி விரட்டுகிற நாய், செருப்பைத் தூக்குகிற நாய், ஜீப்பின் பின்னால் ஓடுகிற நாய் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். நாய் டீச்சர் என்று பேச்சியக்கா கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெருமையில் ஒன்றை நான் கவனிக்கவில்லை. வளைவில் பேச்சு நின்றுபோயிருந்தது. பிடித்துக்கொள்ள முன்னங்கால் இல்லை, அதனால் நிற்கவும் இல்லை. "என்னடா" என்று ஒரு வார்த்தை, தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதோடு அவருடைய பகல் எனக்கும் தெரியாமல் போனது.

மறுவருஷம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு தங்கவில்லை. சாக்குகளுக்கு நடுவே ஜீப்பில் படுக்கவைத்துப் போடிக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுக்க அவர் என் தலையை மடியில் வைத்திருந்தார். சிலமலையில் நாற்பது நாள் இருந்துவிட்டு மேலே போனேன்.

ஜீப்பை விட்டு இறங்கியதும் பிரேக்கு என்னைப் பார்த்துவிட்டது. வளைவிலிருந்து பழைய வேகத்தில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் மேல் யாராவது விழுந்து அழட்டும் என்று நான் அப்போது எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. கண்ணைத் திறந்தால் அது இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் நடுங்குகிறது, வால் மண்ணைக் கூட்டுகிறது, தொண்டையிலிருந்து ஒரு முனகல். ஆனால் நாலு காலும் தரையில். நான் நெஞ்சில் தட்டிக் காட்டி, "வாடா, ஏறு" என்றேன். அது என் கையைப் பார்த்தது. கருவாடு இருக்கிறதா என்று பார்க்கிறது என நினைத்தேன். அதுவும் இல்லை. இது என்ன புதுப் பாடம் என்று தெரியாமல் பார்த்தது. அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

பிறகு எவ்வளவோ முயன்றேன். மண்டியிட்டு அதன் காலை எடுத்து என் தோளில் வைப்பேன். தப்புச் செய்ததுபோல மெதுவாக எடுத்துக்கொள்ளும். அவரை முயற்சி செய்யச் சொன்னேன். ஒருநாள் செய்துபார்த்தார், அதற்கும் அது இறங்கி உட்கார்ந்தது. பேச்சியக்கா பார்த்துவிட்டு, "போட்டு வாட்டாத ஆத்தா. நீ சொன்னதத்தேன அது கேக்குது" என்றது.

இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். பிரேக்கு அவன் மேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எல்லோரும் எவ்வளவு நல்ல நாய் என்றார்கள். வயதாகி ஒரு மாசி மாதம் ஸ்டோர் சுவரோரம் படுத்தது எழவில்லை. வேலையாட்களை வரவிடாமல் அவரே குழி வெட்டினார். மகன் படிப்புக்காக நாங்கள் போடிக்கு இறங்கினோம். அவர் ஓய்வு பெறும்வரை ஜீப்பில் ஏறி இறங்கினார்.

இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். அவருக்கு உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த நேரம். மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்துவிட்டது. பிரேக்கைப் பழக்கியபோது திரும்பி நிற்க மாட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உங்களுக்கு அது பிடிக்கத்தானே செய்தது என்றேன்.

கஞ்சியை விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"மேல வந்த நாள்ல இருந்து நீ அழுதுக்கிட்டேதேன் இருந்த. அது உக்காந்த அன்னைக்கித்தேன் சிரிச்ச. சரி, இது இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் மேலே எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் ஒரு மனுஷன் இதை வைத்துக்கொண்டிருப்பானா என்று. நான் கேட்காமல் இருந்ததும் முப்பது வருஷம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கார்த்திகை அவர் தாண்டவில்லை.

சென்ற மாதம் மகன் காரில் மேலே கூட்டிப்போனான். குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த தங்கும் விடுதி. ஸ்டோரில் விறகு இல்லை, காஸ் அடுப்பு. வாசனை சுத்தமாக இருக்கிறது, தொண்டை காரவில்லை. பேச்சியக்கா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. வளைவை வெட்டிப் பாதையை நேராக்கித் தார் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் திரும்பினால்தான் ஆள் தெரியும். இப்போது மேலே தோட்டத்து எல்லை வரைக்கும் ஒரே பார்வையில் தெரிகிறது. மகனிடம் ஏதோ சாக்குச் சொல்லி நாலு மணி வரைக்கும் அங்கேயே நின்றேன். காய் மூட்டைகளோடு ஒரு பிக்கப் வண்டி இறங்கிப் போனது. அதற்குப் பிறகு பாதை காலியாக இருந்தது.