கொரிய ராஜாவின் கடைசி கேசட்: மந்தைவெளி, அடையாறு, தி.நகர், இரண்டு தடவை

1998 ஜூன், ஒரு சனிக்கிழமை. திங்களன்று அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதத்துக்கு டிவி பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்களுக்குள், தொடரில் வரும் அரண்மனைச் சமையல்காரி காவல்காரனைக் கட்டிக்கொண்டாளா என்று அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

அது ராஜா காலத்துக் கதை சொல்லும் கொரியச் சிரிப்புத் தொடர். அம்மாவிடம் வீணை கற்றுக்கொள்ள வந்த கிம் மேடம் கேசட் கேசட்டாகக் கொடுத்துப் பழக்கிவிட்டார். பாஷை ஒரு அட்சரம் புரியாது. ‘அப்பா’ மட்டும் புரியும். அங்கேயும் அப்பா அப்பாதான்.

காலை 10.10க்கு மந்தைவெளியில் ஆட்டோ பிடித்தேன். அடையாறு நாலு கிலோமீட்டர். டிரைவர் நாற்பது ரூபாய் கேட்டார்.

“போன வாரம் முப்பதுக்கு வந்தேனே!”

“போன வாரம் போன வாரத்தோட பூடுச்சு நைனா. குந்து.”

முப்பத்தைந்து அழுதேன். கிம் மேடம் வீட்டில் இல்லை. வேலை செய்யும் அம்மாள் அலமாரியைக் காட்டினார். “எல்லாத்துலயும் இதே குண்டு மந்திரி மூஞ்சிதான் கீது சார். எது வோணுமோ எட்துக்கோ.” அம்மா பதினொன்று வரை பார்த்திருந்தாள்; பன்னிரண்டுதான் கடைசி. பன்னிரண்டு என்று எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊர் கேசட் நம் வி.சி.ஆரில் ஓடாது. தி.நகரில் மாற்றிப் பதிய 150 ரூபாய், மூன்று மணி நேரம்.

மாலை ஐந்தரைக்குப் போட்டால் சமையல்காரியும் இல்லை, ராஜாவும் இல்லை. குண்டு மந்திரி மட்டும் உருண்டுகொண்டிருக்கிறான். கிம் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அது அவனை வைத்துத் தனியாக எடுத்த கிளைத் தொடராம். அலமாரியில் இரண்டு பன்னிரண்டாம்! அவர் சிரித்தார், நான் கத்தினேன். அம்மா பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே ஆட்டோ தகராறு, அதே 150, அதே மூன்று மணி நேரம். நாலு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து கேசட்டை நீட்டினேன்.

“எதுக்குடா? நேத்திக்கே தெரிஞ்சுபோச்சே. குண்டன் மீன் வாங்கப் போனான் பாரு, அங்க அவ இடுப்புல குழந்தையோட நின்னுண்டிருந்தா. குழந்தை காவக்காரனைப் பாத்து அப்பாங்கறது. நீ ஃபோன்ல கத்திண்டிருந்தே.”

“சொல்லக் கூடாதா?”

“ராத்திரி வாயைத் தெறந்தாலே எரிஞ்சு விழுந்தே. கார்த்தால செருப்பை மாட்டிண்டு ஓடிட்டே.”

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு: ஆட்டோவில் உட்காருவதற்கு முன்பே ரேட் பேசுங்கள். கேசட் மேல் எழுதிய நம்பரை நம்பாதீர்கள். தப்பாகக் கொண்டுவந்ததையும் கடைசிவரை பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை, கண்ணில் கட்டோடு அம்மா சொன்னாள்: “அந்த ரெண்டாவது கேசட்டைப் போடேன். நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்.”

போட்டேன். சமையல்காரி புடவை மாதிரி என்ன கட்டியிருக்கிறாள் என்பதுவரை சொன்னேன். நடுவில் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.