கடகடத்த லீவரும் மெதுவா அக்காவும்

வண்டியில் ஏறியதும் முதலில் பாட்டை நிறுத்துவார். அடுத்து கண்ணாடிகளை ஏற்றுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கியர் லீவரின் தலையில் இரண்டு விரலை வைத்து, "மெதுவா... மெதுவா போங்க" என்று ஓட்டுபவரிடம் சொல்வார். சொல்லிச் சொல்லியே அந்தக் கார் பட்டறையில் அவருக்கு 'மெதுவா அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அக்காதான் பார்க்க வேண்டும். கழற்றும் ஸ்க்ரூக்களை முட்டை அட்டைக் குழிகளில் போட்டு வைப்பார். "குனிஞ்சு தேடுற இடுப்பு இல்லைங்க இது."

என் வண்டிக்கு ஆயில் மாற்றக் காத்திருந்த அன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருபது வருஷத்துக் காரைக் கொண்டுவந்தார். லீவர் விழப்போகும் பல் மாதிரி ஆடியது. சத்தத்தை அடக்க அதில் ஒரு காலுறையைச் சுற்றியிருந்தார்.

"சத்தம் மட்டும் போனாப் போதும்மா. வீட்டுக்காரிக்குத் தலைவலி வருது."

அக்கா காலுறையை உருவி அவர் கையிலேயே கொடுத்தார். "வீட்டுல எங்க சார் நிறுத்துவீங்க?"

"வாசல்ல, ஏத்தத்துல. அவளுக்கு நடக்க முடியாது. டிக்கியிலேருந்து சக்கர நாற்காலியை நான்தான் எடுக்கணும்."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, பட்டறையை ஒட்டிய ஏற்றத்தில் காரை நிறுத்தி, லீவரை 'பி' என்ற பார்க்கிங் நிலைக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விட்டார். கார் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

இறங்கிய ஆசிரியரின் முகம் வெளுத்திருந்தது. "போன வாரம் வண்டி அரையடி பின்னால வந்துச்சும்மா. நான்தான் ஹேண்ட் பிரேக்கைச் சரியா இழுக்கலன்னு நினைச்சேன்."

"லீவர் 'பி'ங்குது சார். கியர்பாக்ஸுக்குச் சேதி போய்ச் சேரல."

லீவரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினார். லீவரைக் கேபிளோடு கோக்கும் சின்ன பிளாஸ்டிக் புஷ் பொடிப்பொடியாகக் கிடந்தது. அடியில் இரண்டு போல்ட்டும் தளர்ந்திருந்தன. புதுப் புஷ்ஷை வெந்நீரில் போட்டு இளக்கி, கட்டைவிரலால் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்தார். ஆசிரியர் அதுவரை உட்காரவே இல்லை.

மறுபடி அதே ஏற்றம். அக்கா இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். கார் இம்மியும் அசையவில்லை.

"இப்ப நீங்க ஒருதரம் பாருங்க சார்."

ஆசிரியர் ஏறி உட்கார்ந்து லீவரை 'பி'யில் போட்டார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்த கை மட்டும் அதை விட மறுத்தது.

அக்கா காரைச் சுற்றிக்கொண்டு போய் அதன் பின்னால் நின்றார். "ம், விடுங்க சார்" என்று குரல் கொடுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் துடைக்கத் தொடங்கினார்.