அமிர்தநாதனின் காந்த அட்டை

மறைமலை நகர் லேத் பட்டறையில் மிஷின் ஓட்டிய அமிர்தநாதனுக்கு இரும்பைக் கண்டு பயமில்லை. ஆஸ்பத்திரியைக் கண்டால்தான் உயிர் நடுங்கும். அண்ணன் மரியஜோசப் சர்க்கரை வியாதியில் கால் புண்ணைக் காட்டப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தவர். அதனால் எண்பத்து நாலாம் வருஷம் தன் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியத் தொடங்கியபோது, டாக்டர் இருக்கும் தெருப் பக்கமே அமிர்தநாதன் தலைவைத்துப் படுக்கவில்லை. லேத்தில் நாள் முழுக்க நின்றாக வேண்டும். கால் போனால் பிழைப்பு போச்சு. அந்த நினைப்போடுதான் தினமும் ஓரகடத்தில் பஸ் ஏறுவார்.

வாலாஜாபாத் சந்தையில் ஒருவன் காந்த அட்டை விற்றான். ஷூவுக்குள் போட்டு மிதிக்கிற அட்டை. வட்ட வட்டமாகக் காந்தம் பதித்தது. ரத்தத்தில் இருக்கும் இரும்பை இழுத்து ஓடவிடும், எரிச்சல் பறந்துவிடும் என்றான். யார் நம்பாவிட்டாலும் லேத்காரர் நம்புவார். வாங்கி வந்து கான்வாஸ் ஷூவுக்குள் போட்டுக்கொண்டார்.

பட்டறைத் தரையெல்லாம் லேத் சீவித் தள்ளும் இரும்புச் சீவல். அமிர்தநாதன் நடந்தால் அது ஷூவில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

“அண்ணே, நீ நாலு தபா நடந்தா போதும், பெருக்குற ஆளே வேணாம்,” என்று பக்கத்து மிஷின் சுப்பிரமணி சிரிப்பான்.

“சிரிக்காதடா. எப்படி இழுக்குது பாத்தியா? அவ்ளோ பவரு கீது இதுல.”

சில மாதத்தில் எரிச்சல் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையில்லாத ஒருநாள், ஷூவுக்குப் பதில் போட்டுக் கிளம்பிய செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பஸ் நிலையம் வரை நடந்திருந்தார். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டபடி வெள்ளியில் ஒரு சின்னப் பாதம் வாங்கி வைத்தார்.

காணிக்கை செலுத்தப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினார். காபி கொண்டு வந்த மனைவி ரூத் டம்ளரை நழுவவிட்டாள்.

“இன்னாங்க இது... சாக்ஸெல்லாம் ரத்தம்!”

உள்ளங்கால் நடுவே ஒரு சீவல் ஆழமாக இறங்கியிருந்தது. சுற்றிலும் கறுத்து, சீழ் கட்டி, ஒரே வாடை. நேற்று இன்று வந்த புண் இல்லை. உள்ளங்காலை யார் தினமும் திருப்பிப் பார்க்கிறார்கள்? எல்லாரையும் போல அவரும் ஷூவைத் தட்டி உதறித்தான் வைப்பார். உள்ளே விழுந்த சீவலைக் காந்தம் விட்டால்தானே விழும்!

“வலிக்கலியா?”

“இல்ல ரூத்து.” சொல்லும்போதுதான் எரிச்சல் எதனால் நின்றது என்று அவருக்கு உறைத்தது. கட்டையை ஊன்றி நிற்கும் அண்ணன் கண் முன்னே வந்தார்.

ரூத் அவரைப் பேசவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“காந்தம் ஒண்ணும் பண்ணலைய்யா,” என்றார் டாக்டர். “சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு. அதோட எரிச்சலும் போச்சு.” ஊசி முனையால் பெருவிரலில் குத்தினார். “தெரியுதா?”

“இல்லீங்க.”

இன்னும் கொஞ்சம் மேலே.

“இல்லீங்க.”

சட்டைப் பையில் போட்டு வந்த வெள்ளிப் பாதத்தை அமிர்தநாதன் இறுகப் பிடித்துக்கொண்டார். எரிச்சலை எடுத்துவிடு என்று அழுது கேட்ட அதே மாதாவிடம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்று வாய்க்குள் கெஞ்சினார். ஊசி கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.