எலும்பரசனிடம் போன புளித்த மாவு

விஸ்கான்சினில் எல்க் பிரெய்ரி என்ற ஊரின் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் ஆர்டிஸ் ஹால்வர்சன் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். பேருந்துகள் பதினான்கு. எது எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த வளைவில் எந்தக் குழந்தை நிற்கும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு. கணவர் கோர்டி இறந்து ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன.

கோர்டி போன முதல் குளிர்காலத்தில் சனிக்கிழமைகளில் அவள் காரைத் துடைத்தாள். துடைத்த காரையே மறுபடி துடைத்தாள். இப்படிப் பதினொரு சனிக்கிழமைகள் போயின. பன்னிரண்டாவது சனிக்கிழமை ஒன்பதாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநர் டுவேன் ஃப்ளூக் வந்து, "காருக்குப் பெயின்ட் போயிடும், வா" என்று அவளை நூலகத்தின் பின்னறைக்கு இழுத்துப் போனான். அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். இரண்டே மாதத்தில் கதையை நடத்தும் நாற்காலி ஆர்டிஸுக்கு வந்துவிட்டது. நேரத்துக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான்.

சென்ற செப்டம்பரில் ஒரு பெரிய கதைப் புத்தகம் வாங்கினாள். பெயர் 'எலும்பரசனின் பன்னிரண்டு கதவுகள்', பக்கங்கள் இருநூற்று ஐம்பத்தாறு. அதில் கட்டம் கட்டி அச்சிட்ட பத்திகளை நடத்துபவர் உரக்கப் படிக்க வேண்டும். ஆர்டிஸ் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அக்டோபர் பதினான்காம் தேதி ஆட்டத்தில் அவள் படித்தாள்: "'நீங்கள் பிறந்த டோர்ன்பி ஊர் சாம்பலாகக் கிடக்கிறது. உங்கள் கண்களில் நீர் பெருகுகிறது. உங்கள் குதிரைகள் மிரள்கின்றன.'"

"எந்தக் குதிரை?" என்றான் டுவேன். "போன வாரம்தானே வித்தோம்."

"புத்தகத்துல குதிரை இருக்கு."

"அப்ப புத்தகத்தையே மிரளச் சொல்லு."

கோர்டியின் தங்கை லவான் கைகளைக் கட்டிக்கொண்டாள். மருத்துவமனைச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவள். ஆட்டத்தில் அவள் பாத்திரம் ரொட்டி சுடும் சூனியக்காரி. "நான் டோர்ன்பில பொறக்கவே இல்ல. என் கண்ணுல ஒரு சொட்டுகூட வரல. அடுப்புப் புகைக்கே அழாதவ நான்."

"எனக்கு வருது," என்றான் கர்ட். மருந்துக்கடைக்காரன், முப்பத்தொரு வயது, நால்வரில் இளையவன். அவன் எடுக்கும் பாத்திரமெல்லாம் அனாதை மந்திரவாதிதான். "அனாதைக்கு எந்த ஊர் எரிஞ்சாலும் அது சொந்த ஊரா இருக்கலாம்ல?"

"உங்கம்மா நேத்துகூட சூப் குடுத்தனுப்பினாங்கடா! இதோட ஆறாவது தடவ அவங்கள சாகடிச்சுட்டு உக்காந்திருக்க," என்றாள் லவான்.

ஆர்டிஸ் பக்கத்தைப் புரட்டினாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒன்பது எலும்புக்கூடுகள் எழுந்து பாய வேண்டும். டுவேனின் பாத்திரம் வெட்டியான்.

"நான் தொப்பியக் கழட்டிக் கேக்கறேன். 'ஐயாமாரே, எந்த இடுகாடு உங்களுக்கு? தூக்கம் வரலியா?'"

"அதுங்க பேசாது. பாயும்னு போட்டிருக்கு."

"நாப்பது வருஷமா குழி வெட்றவன் மேலயா பாயும்? என்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கணும்."

"எந்திரிச்சுதான் நிக்குது," என்றான் கர்ட்.

பாய்ந்தன. பகடை உருண்டது. நாலரை மணிக்கு லவான் தன் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, நான் எண்ணிப் பாத்தேன். மூணு வாரத்துல பதினோரு வாட்டி வாயத் தொறந்திருக்கேன். அதுல ஏழு வாட்டி, 'நான் பின்னாடி நிக்கிறேன்.' பின்னாடி நிக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? கர்லிங்ல ஆள் சேக்கறாங்க, பனிக்கட்டி மேல கல்லத் தள்ளி ஆடற ஆட்டம். சனிக்கிழமை மத்தியானம். அங்க கல்லுக்கு முன்னாடி தொடப்பத்த வெச்சுத் தேய்ச்சுட்டு ஓடவாவது விடுவாங்க. அடுத்த வாரமும் இப்படியே போச்சுன்னா என்ன மறந்துடு."

பின்னறையை வாரந்தோறும் பெற நால்வராவது வேண்டும் என்பது நூலக விதி. அவர்களே நால்வர்தான். ஒருத்தி போனால் அறை போகும், அறை போனால் ஆட்டம் போகும். அன்று மாலை ஆர்டிஸ் வீட்டுக்குப் போனதும் கார் பக்கமே திரும்பாமல் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சாவி வாங்க டுவேன் வந்தபோது அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதைக் கேளு. 'வீரர்களே'ங்கற எடத்துல 'வீரர்களே, ரொட்டி சுடுபவளே'ன்னு மாத்திட்டேன். போதுமா?"

டுவேன் காப்பியை ஊற்றிக்கொண்டு நிதானமாக ஒரு வாய் குடித்தான். "ஆகஸ்ட்ல மேலிடத்துலருந்து ரூட் அச்சடிச்சு வருதே, அத இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது அப்படியே ஓட விட்டிருக்கியா?"

"எப்படி விடறது? அவங்க மில் ரோட்டுல ஆறு ஸ்டாப் போடறாங்க. அங்க குழந்தையே கிடையாது. டால்கி வீட்டு ரெட்டைப் பசங்க மேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

"அந்த ரெட்ட வாலுங்களுக்காக ஒரு பஸ்ஸையே நாலு மைல் வளைச்ச. ஒரு எலும்புக்கூட்ட ரெண்டடி நகத்த மாட்டியா?"

"அது ரூட். இது புத்தகம்."

"ரெண்டும் எவனோ நம்மளப் பாக்காமலே எழுதினதுதான்," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

ஆர்டிஸ் அன்றைக்கே மூவரிடமும் அவர்கள் பாத்திரத்தாள்களைக் கேட்டு வாங்கினாள். பலம் எத்தனை, வேகம் எத்தனை என்ற எண்களெல்லாம் முன்பக்கத்தில் இருந்தன. அவளுக்கு அவை மனப்பாடம். தாள்களைத் திருப்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கர்ட் பின்பக்கத்தில் அம்மாவுக்கு வாங்க வேண்டிய மளிகையை எழுதியிருந்தான். டுவேனின் தாளில் ஒரே வரி: 'இதுவரை புதைத்தவர்கள் 412. யாரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை.' லவான் ஒன்றரைப் பக்கம் எழுதி, இன்னொரு தாளையும் ஒட்டியிருந்தாள். ரொட்டிக்கு உறைபோலச் சேர்க்கும் பழைய புளித்த மாவு ஒரு மண்ஜாடியில் நூறு வருடமாக அந்தச் சூனியக்காரியின் குடும்பத்தில் உயிரோடு இருந்ததாம். அதைக் கூடப்பிறந்த தங்கையே ஒருநாள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். கடைசியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்: 'கையில் சிக்கினால் இருக்கிறது அவளுக்கு.'

ஆர்டிஸ் அதை மூன்று முறை படித்தாள். பிறகு மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்தாள். அச்சிட்ட பக்கத்தில் பேனா வைக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தேழு தாள்கள் ஒட்டியிருந்தாள். டோர்ன்பி யாருக்கும் பிறந்த ஊராக இல்லாமல் போயிற்று. குதிரைகளின் மேல் ஒரு தாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் நான்காம் கதவைக் காக்கும் பெயரில்லாத வீரன்மேல் இரண்டு தாள்கள்.

இருபத்தொன்றாம் தேதி லவான் கோட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தாள். ஆர்டிஸ் அறுபத்தொன்றாம் பக்கத்தையே மறுபடி தொடங்கினாள்; இந்தத் தடவை எலும்புக்கூடுகள் டுவேனுக்குப் பதில் சொல்லின. ஒன்பதும் ஒரே இடுகாடு, ஒன்றுக்கு மட்டும் பக்கத்துக் குழிக்காரனோடு சண்டை. டுவேன் முக்கால் மணி நேரம் பஞ்சாயத்துப் பண்ணினான். மூன்றே கால் மணிக்கு நான்காம் கதவு வந்தது.

"கதவு தொறக்குது," என்றாள் ஆர்டிஸ். "உள்ளருந்து ஒரு வாசனை வருது. புளிப்பா, கொஞ்சம் ஆப்பிள் மாதிரி."

லவான் நிமிர்ந்தாள். "என்ன வாசனைன்ன?"

"வாசல்ல ஒருத்தி நிக்கிறா. இடுப்புல மண்ஜாடி. மூக்கு அச்சா உன் மூக்கு."

"திருட்டுக் கழுத!" என்றாள் லவான். நூலகப் பெண் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் சண்டை என்று முப்பத்தொன்றாம் ஒட்டுத்தாள் சொன்னது. ஆர்டிஸ் பகடைகளை எடுத்து வைத்தாள். லவான் அவற்றைத் தொடவே இல்லை. மேசைமேல் குனிந்து ஆர்டிஸின் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"அதுக்குச் சாப்பாடு போட்டியா?"

"எதுக்கு?"

"மாவுக்குடி! தெனம் ஒரு பிடி மாவு, ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணி. போட்டியா இல்லியா?"

புத்தகத்தில் விடை இல்லை. ஒட்டுத்தாளிலும் இல்லை. மூன்று பேரும் ஆர்டிஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெனமும் போட்டேன்க்கா," என்றாள் ஆர்டிஸ் கடைசியில், அந்தத் தங்கையாக. "அரசர் போடச் சொன்னாரு. இந்தக் கோட்டையில உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, அது நுரைக்கறதப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

டுவேன் தலையிலிருந்த தன் நிஜத் தொப்பியைக் கழற்றினான். "பாவம்யா. அந்த மனுஷனுக்கு நான் ஒரு நல்ல குழியா வெட்டிக் குடுக்கறேன்."

"அவருக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டான் கர்ட்.

"நீ சும்மா இரு!" என்றாள் லவான். "இவ பொய் சொல்றா. தெனமும் போட்டிருந்தா ஜாடி பொங்கி வழிஞ்சிருக்கணும். மூடியத் தொறந்து காட்டச் சொல்லு. நான் முன்னாடி போறேன், எல்லாரும் தள்ளுங்க."

அங்கிருந்து நாலரை வரை மற்ற மூவருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை.

மேசையைத் துடைக்கும்போது லவான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். நான் புதன்கிழமையே கர்லிங்குக்குப் பேரு குடுத்துட்டேன்."

ஆர்டிஸ் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. "சரி," என்றாள்.

"என்ன சரி? குடுத்த பேர எடுக்க முடியாது, டீம்ல ஏற்கெனவே ஆள் கம்மி. நம்ம ஆட்டத்த இனிமே ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் ஆடுவோம்."

"ஞாயிறு நூலகம் லீவு," என்றான் கர்ட்.

"ஞாயிறு ஃபுட்பால் மேட்ச்!" என்று அலறினான் டுவேன். "நம்ம பாக்கர்ஸ் டீம் ஆடுது!"

"நீ பாக்கலன்னா தோத்துடுவாங்களா? ரேடியோவ மெதுவா வெச்சுக்க. அண்ணி, நீ எடத்துக்கு ஒரு வழி சொல்லு."

ஆர்டிஸ் யோசித்தாள். "பஸ் ஆபீஸ் சாவி எங்கிட்டதான் இருக்கு. நீள மேசை இருக்கு. கேட்டுப் பாக்கறேன். ஒன்றரை மணி?"

"ஒன்றரை. நாளைக்கு எனக்கு ஒரு ஞானஸ்நானம் இருக்கு. அடுத்த வாரத்துலருந்து வெச்சுக்கலாம்," என்றாள் லவான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆர்டிஸ் புத்தகத்தைப் பின்னிருக்கையில் வைக்கும்போது லவானின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என் தங்கச்சி பொய் சொன்னாளா, நெஜம் சொன்னாளா? அத மட்டும் சொல்லிடு."

"எனக்கு இன்னும் தெரியல லவான்."

"புத்தகம் என்ன சொல்லுது?"

"புத்தகத்துக்கு உன் தங்கச்சியத் தெரியாது."

"எட்டு நாளு!" என்று கத்தினாள் லவான். "எட்டு நாளு நான் எப்படி இருப்பேன்?" காரை எடுத்தவள் மெயின் தெருவில் விளக்குப் போடாமலேயே இடப்பக்கம் திரும்பினாள். எதிரே வந்த பால் வண்டிக்காரன் ஹாரனை நீளமாக அடித்தான்.