மாமியார் அறைக் காற்றாடி

கணக்கில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் எல்லார் சம்பளக் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். அந்தத் திமிர் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

மாமனார் போன பிறகு, மாமியார் பந்திங்கிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரிசை வீடு. சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டியதில் நடு அறையின் ஜன்னல் அடைபட்டுவிட்டது. அந்த அறைதான் அவருக்கு. ஆஸ்துமா உள்ளவர், காற்றோட்டம் இல்லாமல் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். அறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றைக் கூரைவரை குழாய் விட்டுப் பொருத்தினோம். போட்டதும் கொஞ்ச நேரம் கடகடக்கும், பிறகு சத்தமே இருக்காது. இரவும் பகலும் ஓடியது.

அடுத்த மின்சார பில் எகிறியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. காற்றாடி வந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். 300 என்று பெரிதாகப் போட்டிருந்தது. நாள் முழுக்க, மாதம் முழுக்க, யூனிட்டுக்கு ஐம்பது காசு, அதாவது அரை வெள்ளி என்று கைப்பேசியில் பெருக்கினேன்.

"பாத்தியா, இந்த ஒரு ஃபேன் மட்டும் மாசம் நூத்தியெட்டு வெள்ளி லா!" என்றேன் மனைவியிடம்.

"மெதுவா பேசுங்க," என்றாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

மகள் வீட்டில் தங்குவதையே குறைச்சலாக நினைப்பவர் மாமியார். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளக்கூடக் கூசுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் கத்தினேன்.

அதற்கடுத்த பில்லும் இறங்கவில்லை. மறுபடி பெட்டியை எடுத்து, இந்த முறை கண்ணாடி போட்டுப் படித்தேன். வாட் என்று நான் எடுத்துக்கொண்ட 300, மணிக்கு எவ்வளவு காற்றை இழுக்கும் என்ற அளவு. மின்சாரம் முப்பது வாட்தான். மாதம் பதினோரு வெள்ளிகூட வராது, வாழையிலைச் சாப்பாடு ஒன்றுக்கே நான் அதைவிட அதிகம் கொடுக்கிறேன். பில்லை ஏற்றியது எங்கள் படுக்கையறை ஏர்கோன். வெயில் தாங்கவில்லை என்று விடிய விடிய அதைப் பதினெட்டில் ஓடவிட்டவன் நான். அதைக் கணக்கில் சேர்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

நடு அறைக்குப் போனேன். காற்றாடி ஓடவில்லை. ஈர வாடை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தை ஆஃப் பண்ணீங்க?"

"குளிருது மாப்பிள்ளை." நெற்றியெல்லாம் வியர்வை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கணக்குத் தப்பு, பதினோரு வெள்ளிதான் என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். "சரிங்க மாப்பிள்ளை," என்று சிரித்தார். அதன் பிறகு நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அத்தோடு தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் தலைவலி. மத்தியானமே திரும்பிவிட்டேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் மாமியார் மட்டும். காரை உள்ளே விட்டு வாசல் கிரில் கதவைத் திறக்கும்போது நடு அறையில் காற்றாடி கடகடவென்று அப்போதுதான் ஓடத் தொடங்கியது.

இத்தனை நாளும் அது நான் வரும் நேரம் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது; அன்று என் கார் சத்தம் கேட்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூனிக்குறுகி நின்றேன்.

"ஃபேன் போட்டுத்தான் இருக்கு மாப்பிள்ளை," என்றார் உள்ளேயிருந்து, இருமலுக்கு நடுவே.