பிரதட்டையும் மண்ணீரலும்

1. குறி விழுந்த இரத்தம்

ஒரு திங்கட்கிழமை காலை, இரத்தம் எண்ணும் மெஷின் ஒரு குழாயில் குறி போட்டது. வெள்ளை அணுக்கள் வழமைக்கு மாறாக இருக்கின்றன, கண்ணால் பார் என்று அதற்கு அர்த்தம். சிலைட் செய்யக் குழாயை எடுத்தபோது ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். தெரிந்த பெயர். ஹொல்ம்லியாவில் இருக்கும் பரமேஸ் அக்காவின் மகன் கஜன். பத்தொன்பது வயது.

அப்போது நான் ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளன். ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, சாயம் போட்டுக் கொடுப்பேன். பார்த்து முடிவு சொல்வது இங்ரிட் போன்றவர்களின் வேலை. அவர்கள் அதற்கென்று படித்தவர்கள். "முருகா" என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லித்தான் எந்தச் சிலைட்டையும் தொடங்குவேன். அன்று இரண்டு முறை சொன்னேன்.

இங்ரிட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"என்ன, உனக்கு வேறு வேலை இல்லையா?"

"கூடாத வியாதியா?"

"நீயே பார்."

பார்த்தேன். லிம்போசைட் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை; நல்லதென்றால் சிறிதாக, உருண்டையாக இருக்கும். இவை பெரிதாக, கோணல்மாணலாக, பக்கத்துச் சிவப்பு அணுக்களில் சாய்ந்துகொண்டு, ஓரம் கடும் நீலமாக இருந்தன. எனக்குப் புற்றுநோய் என்றே பட்டது.

"இவை கெட்ட செல்கள் இல்லை," என்றாள் இங்ரிட். "வேலையில் இருக்கிற செல்கள். ஒரு வைரஸ் உள்ளே வந்து சில செல்களுக்குள் குடியிருக்கிறது. அவற்றைத் தேடி அழிக்கத்தான் இவை இப்படிப் பெருத்திருக்கின்றன."

எனக்கு விளங்கியது இப்படித்தான்: கிழமை நாட்களில் சீருடையோடு பஸ் ஓட்டுகிறவரைத் தேரன்று வேட்டியோடும் வெறும் மேலோடும் வடத்தில் கண்டால் சட்டென்று அடையாளம் தெரியாது. ஆள் அதே ஆள்தான். எடுத்த காரியம் வேறு.

அந்த வைரஸுக்கான தனிப் பரிசோதனையும் அதையே உறுதிப்படுத்தியது. இளம் வயதினருக்கு எச்சிலால் தொற்றும் காய்ச்சல். நொர்வேக்காரர் அதை முத்த வியாதி என்பார்கள். நான் கையைக் கழுவிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கண்டதை வெளியில் பேசக்கூடாது என்பது சட்டம். வீட்டில் மனைவிக்கும் சொல்லவில்லை.

2. கோயில் சமையற்கூடத்தில்

ஒன்றிரண்டு கிழமை போயிருக்கும். தேருக்கு முதல் சனிக்கிழமை, கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பரமேஸ் அக்கா பூசணிக்காயோடு வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"தம்பி, உமக்குத் தெரியுமோ, எங்கடை கஜன் காய்ச்சலிலை சாகக் கிடந்தவன்."

"அப்பிடியோ அக்கா?" என்றேன். தெரியும் என்று காட்டக்கூடாது.

"தொண்டையெல்லாம் வீங்கி, தண்ணி இறங்கேல்லை. உவங்கள் அதுக்கு வைச்சிருக்கிற பேரைச் சொல்லவே வெக்கமாக் கிடக்கு. சுவாமியிட்டை நேந்தனான். இப்ப காய்ச்சல் விட்டிட்டுது. நாளைக்குத் தேருக்குப் பின்னாலை அவன் பிரதட்டை பண்ணுறான்."

கத்தியை வைத்துவிட்டேன். பிரதட்டை என்றால் வெறும் மேலோடு தேரின் பின்னால் தெருவில் உருண்டு கோயிலைச் சுற்றி வருவது. இங்கே தெரு என்றால் தார்.

"டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவ. வயித்தை அமத்திப் பாத்து, மண்ணீரல் வீங்கிக் கிடக்கு, அடிபட்டால் வெடிச்சுப்போம், ஃபுட்போல் கூடாது, ஸ்போர்ட் ஒண்டும் கூடாதெண்டு. நான் அவன்ரை சப்பாத்தையே ஒளிச்சு வைச்சிட்டன்."

"அக்கா, பிரதட்டையும் வயித்திலைதானே உருளுறது?"

"என்ன கதை கதைக்கிறீர்? அது விளையாட்டே? சுவாமி காரியம்!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கோயிலுக்கு எதிராகக் கதைத்ததாகவே பட்டிருக்கும். எனக்கும் உள்ளுக்குள் கூசியது. ஆனால் அந்த நீலச் செல்கள் கண்ணுக்குள் நின்றன. அவை வந்து திரளும் இடங்களில் மண்ணீரலும் ஒன்று. அதனால்தான் அது வீங்குகிறது.

"சரி அக்கா. கஜனைக் கொண்டு ஒருக்காப் போனிலை கேப்பியுங்கோ. சனிக்கிழமையிலும் டொக்டர் இருப்பினம். என்னை நம்ப வேண்டாம்."

அவசர மருத்துவ நிலையத்துக்குக் கஜன் வெளிப்படியில் நின்று போன் செய்தான். அவன் சிரித்துக்கொண்டே நொர்வேஜிய மொழியில் விளக்கியது எங்களுக்கும் கேட்டது. உருளுவேன், ஆம், தெருவில், இல்லை, குடிக்கவில்லை, சுகமானதற்கு நன்றியாக.

உள்ளே வந்தபோது சிரிப்பு இல்லை.

"அம்மா, அந்த டொக்டர் ரெண்டாந்தரமும் கேட்டவ. பிறகு, ஃபுட்போலை விட இது மோசம் எண்டிட்டா. உருண்டால் ஆம்புலன்ஸைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு உருளட்டாம்."

அக்கா பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி அழத்தொடங்கினார். "குடுத்த வாக்கை என்னெண்டு மீறுறது? திரும்பக் காய்ச்சல் வந்தால்?"

சத்தம் கேட்டு ஐயர் வந்தார். நடந்ததைக் கேட்டார். காய்ச்சலோடு மல்லுக்கட்டும் வேலையில்தான் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றேன் நான்.

"நேந்தது ஆர்?"

"நான்தான் ஐயா."

"அப்ப நீங்கள் அடியழியுங்கோ. வேலை செய்யிற பிள்ளையின்ரை மண்ணீரலைச் சுவாமி கேக்கேல்லை."

"அவன் வேலை எங்கை செய்யிறான், நாள் முழுக்கப் படுத்துத்தான் கிடக்கிறான்," என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

எனக்கு மட்டும் இங்ரிட் சொன்னது ஞாபகம் வந்தது. படுத்துக் கிடந்தாலும் அவனுக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

3. தேரன்று

பரமேஸ் அக்கா அடியழித்தார். விழுந்து கும்பிட்டு, எழுந்து, கை தொட்ட இடத்துக்கு நடந்து, மறுபடி விழுந்து, முழு வீதியும் சுற்றினார். கஜன் தண்ணீர்ப் போத்தலோடு கூடவே நடந்தான். சுடுகிற தாரில் அம்மா விழமுன் தண்ணீர் ஊற்றினான்.

இளம் வயதில் ஆய்வுகூட வேலைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். காய்ச்சல் விட்டதென்றால் உள்ளே காரியம் முடிந்தது என்று அர்த்தமில்லை. கூடிய செல்கள் கலையக் காலம் எடுக்கும். எங்கள் ஆட்கள் டொக்டரின் சொல்லைத் தட்டுவதில்லை. ஆனால் கோயில் காரியத்தை அந்தச் சொல்லுக்குள் சேர்ப்பதும் இல்லை. ஆகவே விரதமா, காவடியா, பிரதட்டையா என்று கேட்டு, உடம்பு அங்கே என்ன செய்யப்போகிறது என்பதை டொக்டருக்குச் சொல்ல வையுங்கள். சுவாமி கோபிக்க மாட்டார்.

அடுத்த வருடத் தேரில் நான் வடத்தில் நின்றேன். கஜன் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். உருளச் சொல்லி யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

"டொக்டரிட்டைக் கேட்டாச்சு, மாமா," என்றான். பிறகு தேருக்குப் பின்னால் போய்த் தெருவில் படுத்தான்.